மீன்களில் கலப்பினச் சோதனை

மீன்களில் கலப்பினச் சோதனை என்பது, தோற்றத்தில் மிகவும் ஒத்திருக்கும் இரண்டு மீன் கூட்டங்கள் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவையா, வெவ்வேறு சிற்றினங்களா என்பதை அறிவதற்காக அவற்றை ஒன்றோடொன்று இனக்கலப்புச் செய்து, பிறக்கும் குஞ்சுகளின் உயிர்வாழும் திறனையும் இனப்பெருக்கத் திறனையும் ஆராயும் முறையாகும். துடுப்பு முட்களின் எண்ணிக்கை, செதில்களின் எண்ணிக்கை, உடல் அளவுகள், நிறம் ஆகியவற்றால் பிரித்தறிய முடியாத மீன்களின் வகைப்பாட்டில் இம்முறை பயன்படுகிறது. டி.என்.ஏ. ஆய்வு முறைகள் பரவுவதற்கு முன்பு, குரோமோசோம்களை எண்ணும் முறையுடன் சேர்ந்து, இது வகைப்பாட்டியலின் முக்கியக் கருவிகளுள் ஒன்றாக இருந்தது. இன்றும் பிற சான்றுகளுடன் இணைத்துப் பயன்படுத்தப்படுகிறது.

சிற்றினம் என்பதன் வரையறை

குதிரையும் கழுதையும் இணைந்தால் கோவேறு கழுதை பிறக்கிறது. அது உடல் வலிமை மிக்கது. ஆனால் பெரும்பாலும் மலடு. குதிரைக்கு 64 குரோமோசோம்களும் கழுதைக்கு 62 குரோமோசோம்களும் உள்ளன. கோவேறு கழுதைக்கு 63. இனச்செல்கள் உருவாகும்போது ஒத்த குரோமோசோம்கள் இணை சேர வேண்டும். கோவேறு கழுதையில் அது முறையாக நடைபெறுவதில்லை. இவ்வாறு வளமான சந்ததி பிறக்கிறதா என்பதைக் கொண்டு சிற்றினங்களைப் பிரிக்கலாம் என்ற கருத்தை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் முன்வைத்தார்.

1942இல் எர்ன்ஸ்ட் மயர் இக்கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொள்வதும், பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க அளவில் பிரிந்திருப்பதுமான உயிரினக் கூட்டமே சிற்றினம் என்பது அவருடைய வரையறையின் சாரம். இது 'உயிரியல் சிற்றினக் கோட்பாடு' எனப்படுகிறது. கலப்பினச் சோதனை இக்கோட்பாட்டின் மேல் நிற்கிறது. ஆயினும் மயரின் வரையறையில் உள்ள 'இயற்கையில்' என்ற சொல் முக்கியமானது. தொட்டியில் நடப்பதெல்லாம் ஆற்றிலும் நடக்கும் என்று கொள்ள முடியாது.

இச்சோதனைக்கு மீன்கள் மிகவும் ஏற்றவை. பெரும்பாலான மீன்களில் கருவுறுதல் உடலுக்கு வெளியே நிகழ்கிறது. முட்டைகளையும் விந்து நீரையும் தனித்தனியே எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்துவிடலாம். பல சிறிய மீன்களின் முட்டைகள் ஒளி ஊடுருவக்கூடியவை. கரு வளர்வதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். தலைமுறை இடைவெளியும் குறைவு.

சோதனை செய்யும் முறை

இரண்டு மீன்களை ஒரே தொட்டியில் விட்டுக் குஞ்சு பொரிக்கிறதா என்று பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. நம்பத்தக்க முடிவு கிடைக்கப் பின்வரும் விதிகள் பின்பற்றப்படுகின்றன.

முதலாவதாக, மீன்கள் பிடிக்கப்பட்ட இடம் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய மீன் ஏற்கெனவே கலப்பினமாக இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, இரு திசைகளிலும் கலப்புச் செய்ய வேண்டும். 'அ' என்ற கூட்டத்தின் பெண்ணை 'ஆ' கூட்டத்தின் ஆணுடனும், 'ஆ' கூட்டத்தின் பெண்ணை 'அ' கூட்டத்தின் ஆணுடனும் இணைக்க வேண்டும். இவ்விரண்டின் முடிவுகளும் பல நேரங்களில் வேறுபடும். முட்டையின் சைட்டோபிளாசமும் மைட்டோகாண்ட்ரியாவும் தாயிடமிருந்தே வருவது இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவதாக, ஒப்பீட்டுக்காக 'அ' உடன் 'அ', 'ஆ' உடன் 'ஆ' என்ற தூய இணைகளையும் அதே நீரில், அதே வெப்பநிலையில், அதே உணவில் வளர்க்க வேண்டும். இல்லையெனில் முட்டைகள் அழிந்ததற்குக் காரணம் கலப்பா, கெட்ட நீரா என்று கூற முடியாது.

நான்காவதாக, குட்டியிடும் மீன்களில் இணை சேராத பெண் மீன்களையே பயன்படுத்த வேண்டும். கப்பி போன்ற மீன்களின் பெண்கள் ஒருமுறை பெற்ற விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கின்றன. பழைய துணையின் குட்டிகளைப் புதிய கலப்பின் குட்டிகள் என்று தவறாக எண்ண நேரிடும்.

ஐந்தாவதாக, பிறந்தவை உண்மையிலேயே கலப்பினங்களா என்று உறுதி செய்ய வேண்டும். சில மீன்களில் விந்தணு முட்டையைத் தூண்டுவதோடு நின்றுவிடுகிறது. தந்தையின் மரபுப்பொருள் குஞ்சுக்குச் செல்வதில்லை. 1932இல் கண்டறியப்பட்ட அமேசான் மோலி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. முழுவதும் பெண்களே உள்ள இம்மீன், வேறு சிற்றினத்தின் ஆணுடன் இணைந்தும் தாயைப் போன்ற பெண் குட்டிகளையே ஈனுகிறது. இச்சிற்றினமே இரண்டு மோலிச் சிற்றினங்களின் கலப்பால் தோன்றியது.

கடைசியாக, முதல் தலைமுறையோடு நிறுத்திவிடக் கூடாது. முதல் தலைமுறைக் கலப்பினங்களைத் தமக்குள் இணைத்து இரண்டாம் தலைமுறையையும், பெற்றோர் சிற்றினத்துடன் இணைத்துப் பிற்கலப்புத் தலைமுறையையும் பெற வேண்டும்.

முடிவுகளின் படிநிலைகள்

சோதனையின் விடை 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அமைவது அரிது. பெரும்பாலும் அது ஏணிப்படிகள் போல் அமைகிறது.

* முட்டை கருவுறுவதே இல்லை.
* கருவுறுகிறது, ஆனால் கரு பாதியில் இறக்கிறது.
* குஞ்சு பொரிக்கிறது. ஆனால் உடல் குறைபாடுகளுடன் விரைவில் இறக்கிறது.
* நன்கு வளர்கிறது. ஆனால் ஆண், பெண் இரண்டும் மலடு.
* ஒரு பாலினம் மட்டும் மலடு.
* முதல் தலைமுறை வளமானது. அடுத்த தலைமுறையில் குறைபாடுகள் தோன்றுகின்றன.
* எல்லாத் தலைமுறைகளும் நலமாகவும் வளமாகவும் உள்ளன.

ஐந்தாவது படியைப் பற்றி ஜே. பி. எஸ். ஹால்டேன் 1922இல் ஒரு விதியை வெளியிட்டார். கலப்பினங்களில் ஒரு பாலினம் மட்டும் பிறக்காமலோ, அரிதாகவோ, மலடாகவோ இருந்தால், அது பெரும்பாலும் இருவகைப் பால் குரோமோசோம்களைக் கொண்ட பாலினமாக இருக்கும் என்பது அவ்விதி. ஆண் எக்ஸ்-ஒய் குரோமோசோம்களைக் கொண்டிருக்கும் உயிரினங்களில் ஆண் பாதிக்கப்படும்.

எடுத்துக்காட்டு: மெடாக்கா மீன்கள்

ஜப்பானின் நெல் வயல்களிலும் வாய்க்கால்களிலும் வாழும், 3 முதல் 4 செ.மீ. நீளமுள்ள சிறு மீன் மெடாக்கா. இதன் பேரினப் பெயரான 'ஒரைசியாஸ்' என்பது நெல்லின் அறிவியல் பெயரான 'ஒரைசா'விலிருந்து வந்தது. இப்பேரினத்தின் சிற்றினங்கள் ஆசியாவில் பரவலாக உள்ளன. 1849இல் ஜெர்டன் விவரித்த ஒரைசியாஸ் கர்நாட்டிகஸ் தென்னிந்தியாவில் காணப்படுகிறது.

பெண் மெடாக்கா காலையில் முட்டையிட்டு, அம்முட்டைக் கொத்தைச் சிறிது நேரம் வயிற்றின் அடியிலேயே சுமந்து திரியும். முட்டைகள் கண்ணாடி போன்றவை. இரண்டு மூன்று மாதங்களில் குஞ்சு முதிர்ச்சி அடைந்துவிடும். எனவே ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்பேரினத்தில் பல கலப்புச் சோதனைகளைச் செய்துள்ளனர். மேலே கூறிய ஏணியின் பல படிகளை இந்த ஒரே பேரினத்தில் காணலாம்.

கரு நிலையில் இறப்பு: ஜப்பானிய மெடாக்காவை (ஒரைசியாஸ் லாட்டிப்பெஸ்) ஜாவாத் தீவின் ஒரைசியாஸ் ஹப்சியுடன் கலந்தால் முட்டை கருவுறுகிறது, ஆனால் கருக்கள் பிழைப்பதில்லை. 2007இல் வெளியான ஆய்வு இதற்கான காரணத்தைக் காட்டியது. செல் பிரியும்போது சில குரோமோசோம்கள் பின்தங்கிச் செல்லை விட்டே நீங்கிவிடுகின்றன. இது முதல் செல் பிரிதலிலேயே தொடங்குகிறது. நீங்குபவை பெரும்பாலும் ஹப்சியின் குரோமோசோம்கள். கருவில் குரோமோசோம்களின் எண்ணிக்கை படிப்படியாக ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

மலட்டுக் கலப்பினம்: தென் சீனா, ஹைனான், வியட்நாம் பகுதிகளில் வாழும் ஒரைசியாஸ் கர்விநோட்டஸ், ஜப்பானிய மெடாக்காவுக்கு நெருங்கிய உறவு. இவ்விரண்டின் கலப்பினங்கள் நன்கு வளர்ந்து பெரிதாகின்றன. ஆனால் குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் முறையாக இணை சேர்வதில்லை. ஆண்கள் இயல்பான விந்தணுக்களை உருவாக்குவதில்லை, அவை மலடு. பெண்களிலோ சில செல்கள் குன்றல் பகுப்புக்கு முன்பே தம் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. அதனால் இரட்டைத் தொகுதி குரோமோசோம்களைக் கொண்ட பெரிய முட்டைகள் உருவாகின்றன. மெடாக்காவில் ஆணே எக்ஸ்-ஒய் ஆதலால், ஆண் முழு மலடாவது ஹால்டேன் விதியுடன் பொருந்துகிறது. வளர்ந்து நிற்கும் கலப்பினத்தைப் பார்த்து இரண்டும் ஒரே சிற்றினம் என்று முடிவு செய்திருந்தால் அது தவறாகப் போயிருக்கும்.

வளமான கலப்பினம்: ஜப்பானுக்குள்ளேயே இரு மெடாக்காக் கூட்டங்கள் உள்ளன. ஹொன்ஷூ தீவின் ஜப்பான் கடல் பக்கம் வாழ்வது வடக்குக் கூட்டம். பசிபிக் பக்கத்திலும் ஷிக்கோக்கு, கியூஷூ, ஒக்கினாவா தீவுகளிலும் வாழ்வது தெற்குக் கூட்டம். 1980களின் தொடக்கத்தில் மிட்சுரு சகைசுமி நொதிப் புரதங்களை ஒப்பிட்டு, இவ்விரு கூட்டங்களுக்கும் இடையே மரபு வேறுபாடு மிகுதியாக இருப்பதைக் காட்டினார். ஆனால் இவற்றைக் கலந்தால் நலமான, வளமான குஞ்சுகள் பிறக்கின்றன. இரு பகுதிகளும் சந்திக்கும் தஜிமா, தாங்கோ கரைப் பகுதிகளில் இயற்கையிலேயே கலப்பு மரபுடைய கூட்டங்கள் உள்ளன.

கலப்பினச் சோதனையை மட்டும் பார்த்தால் இவை ஒரே சிற்றினம். எனினும் உடல் பக்கவாட்டில் உள்ள கரிய வலைப்பின்னல் போன்ற அடையாளம், ஆணின் முதுகுத் துடுப்புச் சவ்வில் உள்ள வெட்டின் ஆழம் ஆகிய வேறுபாடுகளையும் மரபுச் சான்றுகளையும் கொண்டு, வடக்குக் கூட்டத்துக்கு ஒரைசியாஸ் சகைசுமியி என்ற தனிச் சிற்றினப் பெயர் சூட்டப்பட்டது. சகைசுமியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. வளமான கலப்பினம் பிறப்பதைக் காட்டி, இரண்டையும் ஒரே சிற்றினத்தின் இரு பெரும் கூட்டங்களாகவே கருத வேண்டும் என்போரும் உள்ளனர். கலப்பினச் சோதனைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதே இவ்விவாதத்தின் மையம்.

கில்லி மீன்கள்

மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளின் சிற்றோடைகளில் வாழும் அஃபியோசெமியான் பேரினக் கில்லி மீன்கள் வகைப்பாட்டியலாளர்களுக்கு நீண்ட காலம் தலைவலியாக இருந்தன. ஆண்கள் ஒவ்வோர் ஓடையிலும் வெவ்வேறு நிறத்தில் மின்னும். பெண்களோ எல்லா ஓடைகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். நிறத்தை நம்பினால் ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு சிற்றினம் என்றாகும். துடுப்பு எண்ணிக்கையை நம்பினால் அனைத்தும் ஒன்றாகிவிடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் ஷீல் இம்மீன்களைப் பல ஆண்டுகள் தொட்டிகளில் வளர்த்துக் கலப்புச் செய்ததோடு, குரோமோசோம்களையும் எண்ணினார். 1968இல் வெளியான அவருடைய நூல் இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. ஒன்றே போல் தோன்றும் சில கூட்டங்கள் குரோமோசோம் எண்ணிக்கையில் வேறுபடுவதும், அவற்றின் கலப்பினங்கள் மலடாவதும் அவ்வகை ஆய்வுகளால் வெளிப்பட்டன. கில்லி மீன் வளர்ப்போர் இன்றும் ஒவ்வொரு மீனின் பெயருடனும் அது பிடிக்கப்பட்ட இடத்தின் பெயரையோ குறியீட்டையோ சேர்த்தே எழுதுகின்றனர். வெவ்வேறு இடத்து மீன்களை ஒரே தொட்டியில் கலப்பதைத் தவிர்க்கின்றனர்.

இரண்டாம் தலைமுறையில் வெளிப்படும் குறை

அழகு மீன் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிளாட்டியும் வாள்வால் மீனும் மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தவை. இவ்விரண்டையும் கலந்தால் வளமான குட்டிகள் பிறக்கின்றன. ஆனால் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட பிளாட்டியின் கலப்பினத்தை மீண்டும் வாள்வால் மீனுடன் பிற்கலப்புச் செய்தால், குட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மெலனோமா என்னும் கொடிய கருநிறப் புற்றுநோய் உண்டாகிறது. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் மைரன் கோர்டனும் ஜெர்மனியில் கர்ட் கோஸ்விக்கும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர்.

இதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. பிளாட்டியின் ஒரு குரோமோசோமில் புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்று உள்ளது. வேறொரு குரோமோசோமில் அதை அடக்கி வைக்கும் மரபுக்காரணியும் உள்ளது. இரண்டும் சேர்ந்து இருக்கும்வரை தொல்லை இல்லை. வாள்வால் மீனிடம் இவை இரண்டும் இல்லை. பிற்கலப்பில் சில குட்டிகளுக்குத் தூண்டும் மரபணு மட்டும் வந்து, அடக்கும் காரணி வராமல் போகிறது. அக்குட்டிகளே நோயுறுகின்றன. எக்ஸ்.எம்.ஆர்.கே. எனப்படும் அத்தூண்டும் மரபணு 1989இல் அடையாளம் காணப்பட்டது.

வகைப்பாட்டியலுக்கு இது தரும் பாடம் எளிது. ஒவ்வொரு சிற்றினத்தின் மரபணுக்களும் நெடுங்காலம் ஒன்றோடொன்று பொருந்தி வாழப் பழகியவை. அந்தப் பொருத்தம் கலைவது முதல் தலைமுறையில் தெரியாமல் போகலாம்.

சோதனையின் வரம்புகள்

கலப்பினம் பிறக்கவில்லை அல்லது மலடாக இருக்கிறது என்ற முடிவு, இரு கூட்டங்களும் வேறு சிற்றினங்கள் என்பதற்கு வலுவான சான்று. ஆனால் இதன் மறுதலை உண்மையல்ல. வளமான கலப்பினம் பிறப்பதால் மட்டும் இரண்டும் ஒரே சிற்றினம் ஆகிவிடாது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் புண்டமீலியா பேரினச் சிக்லிட் மீன்கள் இதை நன்கு விளக்குகின்றன. ஒரு சிற்றினத்தின் ஆண் நீலச்சாயல் கொண்டது; மற்றதன் ஆண் சிவப்பு. தெளிந்த நீரில் பெண்கள் நிறத்தைப் பார்த்துத் தம் இன ஆணையே தேர்ந்தெடுக்கின்றன. ஆய்வகத்தில் நிற வேறுபாடு தெரியாத ஒளியில் வைத்தால் அத்தேர்வு குலைகிறது. பிறக்கும் கலப்பினங்கள் வளமானவை. ஆக, இவற்றைப் பிரித்து வைத்திருக்கும் வேலி உடலுக்குள் இல்லை; கண்ணிலும் நீரின் தெளிவிலும் இருக்கிறது. மனிதச் செயல்களால் ஏரி நீர் கலங்கிய இடங்களில் நிறங்கள் மங்கி, சிற்றினங்கள் ஒன்றாகக் கலந்துவருவதை ஓலே சீஹௌசனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் சுட்டிக்காட்டினர். எனவே இக்காலச் சோதனைகளில் கட்டாயக் கலப்புடன், மீன் தானே துணையைத் தேர்ந்தெடுக்கும் சோதனையும் செய்யப்படுகிறது.

கெண்டைக் குடும்பத்தில் பேரினங்களுக்கு இடையிலும் வளமான கலப்பினங்கள் பிறக்கின்றன. 1957இல் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் கட்டாக்கில் பிட்யூட்டரி ஊசி மூலம் இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன் பின் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றுக்கிடையே பல கலப்புகள் செய்யப்பட்டன. கட்லாவின் விரைந்த வளர்ச்சியையும் ரோகுவின் சிறிய தலையையும் ஒரே மீனில் பெறுவது அம்முயற்சிகளின் நோக்கங்களுள் ஒன்று. கட்லாவும் ரோகுவும் வெவ்வேறு பேரினங்களில் வைக்கப்பட்டிருந்தபோதும் அவற்றின் கலப்பினம் வளமாக இருந்தது. இரண்டுக்கும் 50 குரோமோசோம்கள் இருப்பது இதற்குத் துணைபுரிகிறது. இன்று கட்லாவையும் ரோகுவின் பேரினமான லேபியோவிலேயே சேர்ப்போர் உள்ளனர். ஆனால் பெரிய தலையும் மேல்நோக்கிய வாயும் கொண்டு நீரின் மேற்பகுதியில் மேயும் கட்லாவும், நடுநீரில் மேயும் ரோகுவும் ஒரே சிற்றினம் என்று எவரும் கூறுவதில்லை.

வளமாக இருப்பது ஒருபுறம் இருக்க, உயிரோடு பிறப்பதே நெருங்கிய உறவுக்கு அளவுகோல் ஆகாது. 2020இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் ரஷ்ய ஸ்டர்ஜன் மீனின் முட்டைகளிலிருந்து, அமெரிக்கத் துடுப்புமூக்கு மீனைத் தந்தையாகக் கொண்ட கலப்பினங்களைத் தற்செயலாகப் பெற்றதை வெளியிட்டனர். இவ்விரு மீன்களின் பொது மூதாதை ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

டி.என்.ஏ. முறைகளும் கலப்பினச் சோதனையும்

இப்போது சிறு துடுப்புத் துண்டிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்துச் சிற்றினத்தை அடையாளம் காண முடிகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் 'டி.என்.ஏ. பட்டைக்குறி' மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றைப் படிக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவதால், ரோகுத் தாய்க்கும் கட்லாத் தந்தைக்கும் பிறந்த கலப்பினத்தை அது 'ரோகு' என்றே காட்டும். கலப்பினத்தை அறியச் செல் உட்கருவின் மரபணுக்களையும் பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. ஒப்பீடு, இரு கூட்டங்கள் எவ்வளவு வேறுபட்டுள்ளன என்பதைக் கூறும். அந்த வேறுபாடு இனப்பெருக்கத்தைத் தடுக்கிறதா என்பதைக் கலப்புச் சோதனையே நேரடியாகக் காட்டும். ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. உருவம், டி.என்.ஏ., குரோமோசோம், துணைத் தேர்வு, கலப்பினத்தின் வளம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய நடைமுறை.

பாதுகாப்பில் முக்கியத்துவம்

சிற்றினங்களைச் சரியாகப் பிரித்தறிவது பெயர் சூட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை. ஜப்பானில் வாய்க்கால்கள் கான்கிரீட் மயமானதாலும் பிற காரணங்களாலும் மெடாக்கா குறைந்து, 1999இல் அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைக் கண்டு வருந்திய மக்கள் பல இடங்களில் மெடாக்காவை நீர்நிலைகளில் விட்டனர். ஆனால் விடப்பட்டவற்றுள் வேறு பகுதி மீன்களும், கடைகளில் விற்கப்படும் செம்மஞ்சள் நிற மெடாக்காவும் இருந்தன. வளமான கலப்பினம் பிறக்கும் என்பதே இங்கு ஆபத்தாகிறது. கலப்பினம் மலடாக இருந்தால் கேடு ஒரு தலைமுறையோடு நிற்கும். வளமாக இருந்தால் அந்நிய மரபணுக்கள் உள்ளூர்க் கூட்டத்தில் நிலையாகக் கலந்துவிடும். பின்னர் அவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை.

இந்திய மீன் குஞ்சு உற்பத்தியிலும் இதே நிலை உண்டு. கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் முட்டையிட விட்டால் கலப்பினக் குஞ்சுகள் தாமாகவே உண்டாகும். அவற்றிலிருந்து அடுத்த தாய் மீன்களைத் தேர்ந்தெடுத்தால் தூய வழி படிப்படியாக மறையும். வெள்ளத்தில் குளம் உடைந்தால் அம்மீன்கள் ஆற்றையும் சென்றடையும். தாய் மீன்களைச் சிற்றின வாரியாகத் தனித்தனிக் குளங்களில் வைப்பதும், தனித்தனியே முட்டையிடச் செய்வதும் இதனால் வலியுறுத்தப்படுகின்றன.

வீட்டுத் தொட்டிகளுக்கும் இது பொருந்தும். 2005இல் தனிச் சிற்றினமாகப் பெயரிடப்பட்ட வெனிசுவேலாவின் எண்ட்லர் மீன், கப்பியுடன் எளிதில் கலந்து வளமான குட்டிகளை ஈனும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் சில தலைமுறைகளில் தூய எண்ட்லர் மீன் இல்லாமற்போகும். கலப்பினச் சோதனை ஆய்வகத்தில் ஓர் அறிவியல் கருவி. அதே கலப்பு கண்காணிப்பின்றி நீர்நிலையில் நடந்தால், அச்சோதனை பிரித்தறிய முயன்ற சிற்றினங்களே இல்லாமற்போகக்கூடும்.